பதினோராவது விதியும் ஒரு மேசை விளக்கும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிவலி இப்போது தேவலையா? அத்தானின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். எனக்கு மட்டும் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறை சொல்கிறார், நான் எதிர்க்கட்சி வக்கீல்களைக் குறை சொல்கிறேன்.

என்னடா இவன் திடீரென்று கடிதமெல்லாம் எழுதுகிறான் என்று நினைப்பாய். கையால் எழுதுவதில் இருக்கும் சுகம் போனில் வருமா?

நீதிபதிகளை நீதிபதிகளே கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுக்கும் பழைய முறையை ஒழிக்க வேண்டும் என்று வக்கீல் சங்கச் செயலாளராக நான் எவ்வளவு கத்தினேன் என்பது உனக்குத் தெரியும். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து நியமன ஆணையத்தை அமைத்தது. அதன் விதிகளில் பாதி நான் கைப்பட எழுதியவை. இப்போது அந்த ஆணையத்திடம் நானே உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒரே ஒரு இடம். இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

விண்ணப்பித்தவரின் சொந்தத்தில் யாராவது நீதிபதியாக இருந்திருந்தால் ஆணையம் அவரிடம் கருத்துக் கேட்கும். பின்கதவு வழியாகச் சிபாரிசு செய்வதற்குப் பதில் முன்கதவில் வந்து சொல்லட்டும் என்பதற்காக நாங்கள் வைத்த விதி. ஆகவே, ஓய்வுபெற்ற நீதிபதி என்ற முறையில், அத்தானுக்கு ஒரு தபால் வரும். அவரிடம் நான் எதுவும் கேட்கக்கூடாது. கேட்கவும் இல்லை. அவர் மனசுக்குப் பட்டதை எழுதட்டும். மார்ச் மாதத்துக்குள் எழுதினால் போதும். நல்ல மனநிலையில் இருக்கும்போது எழுதினால் இன்னும் நல்லது. அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 25

என் ஆட்சேபணைக்காரத் தம்பிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, உனக்குப் பதவி ஆசை மட்டும்தான். என் முட்டி மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, கடைக்குப் போகலாம் என்றால் வலிப்பதில்லை. உப்பைக் குறை. வக்கீல்களை உன்னால் குறைக்க முடியாது.

உன் அத்தானுக்குக் கண் நன்றாக ஆகிவருகிறது. இன்னும் சில மாதம் பொடி எழுத்து படிக்கக்கூடாதாம். அதனால் பேப்பர், தபால் எல்லாம் சாயந்திரம் டீ குடிக்கும்போது நான்தான் உரக்கப் படிக்கிறேன். உன் கடிதத்தையும் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் "ம்" என்றார். ஆணையத்தின் தபாலும் வந்துவிட்டது. அதற்கும் "ம்" என்றார்.

மார்ச்சுக்குள் என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கோர்ட்டில் அவருக்கு என்ன பட்டப்பெயர் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? ஒத்திவைப்பு ஐயா! வரவேற்பறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை வாங்கலாம் என்று போன மழைக்காலத்தில் கேட்டேன். இரு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறார். ஜன்னல் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது.

உங்கள் சதுரங்க வழக்கு மறந்துபோயிற்றா? எனக்குக் கல்யாணமான புதிதில் நீ குதிரையை நகர்த்தி, ராணி போய்விடும் என்று தெரிந்ததும் பின்னால் இழுத்தாய். விரலை எடுத்துவிட்டாய், இனி மாற்றக்கூடாது, ஆட்டம் முடிந்தது என்றார் அவர். எடுக்கவே இல்லை என்று நீ குதித்தாய். "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது" என்று பலகையை அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்தார். உனக்குத் தலை நரைத்துவிட்டது, தீர்ப்பு வரவில்லை. அன்றைக்கு நான் அதே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் போட்ட சத்தத்தில் ஒரு பெண்ணுக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். சொந்தத்தில் நீதிபதியைக் கேட்க வேண்டும் என்று விதி எழுதினாய், சரி. உன்னைத் தூக்கி வளர்த்த என்னைக் கேட்க வேண்டும் என்று எழுத ஏன் தோன்றவில்லை? உன் குணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்வேனே. இன்னொன்று, போனில் பேசினால் என்ன?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உப்பில்லாத சாப்பாட்டில் நான் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. விண்ணப்பித்தவர்கள் தங்கள் போன் பேச்சு விவரங்களை ஆணையத்திடம் கொடுக்க வேண்டும் என்று ஒன்பதாவது விதி சொல்கிறது. அதுவும் நான் எழுதியதுதான். அக்கா, தம்பி பேசிக்கொள்வதைக் கண்டவர்கள் எல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்? கடிதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அதை விதியில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்கு இதமான மேசை விளக்கு. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அத்தானின் கண்ணை நினைத்துத்தான் வாங்கினேன். வேறு எந்த நோக்கமும் கிடையாது. விளக்கு வந்துவிட்டால் எழுதுவதற்கும் வசதியாக இருக்கும், ஏதாவது எழுத வேண்டியிருந்தால்.

மற்றபடி போட்டி என்று பெரிதாக இல்லை. மூன்று பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நானும், எங்கோ ஒரு மூலையில் சின்னக் கோர்ட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளும். அவருக்கு நீதித்துறையில் சொந்தம் என்று யாருமே இல்லையாம். பாவம், கருத்துச் சொல்லக்கூட ஆள் கிடையாது.

அத்தான் என்ன சொன்னார் என்று விவரமாக எழுது. "ம்" என்றால் எப்படிப்பட்ட "ம்"?

உன் தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

நாங்கள் நலம். முட்டி மட்டும் தனி வழக்காக நடந்துகொண்டிருக்கிறது.

விளக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. நல்ல அழகு. உன் அத்தான் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஏற்றிப் பார்க்கலாமா என்று பிளக்கைக் கையில் எடுத்தேன். "வேண்டாம், வேண்டாம். வந்த மாதிரியே திருப்பி டப்பாக்குள்ள வை. அந்தக் கயிறையும் தூக்கிப் போட்டுடாதே" என்றார். தம்பி கொடுத்ததை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறாரே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதம் இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஓரத்தில் துளை போட்டு, ஒரு ஃபைலில் கோத்து வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவருக்கு எழுதிய கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, சொல்லிவிட்டேன்.

கருத்து? இன்னும் எழுதவில்லை. "ம்" சாதாரண "ம்"தான். அதில் நான் இத்தனை வருஷமாக எதையும் கண்டுபிடித்ததில்லை.

அந்த அம்மாளுக்கு ஆள் இல்லை என்று சிரிக்காதே. எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? எனக்குச் சுகமில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. வீட்டில் இவள் வேறு, "நீங்க எழுதின சட்டம்தானே, நீங்களே அனுபவிங்க" என்கிறாள்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் அத்தானின் கருத்து போகாவிட்டால் என் விண்ணப்பம் தள்ளுபடி. அந்தத் தேதியையும் நான்தான் வைத்தேன். தாமதமாகும் நீதி பற்றி அன்று மேசையைத் தட்டிப் பேசியது நினைவுக்கு வருகிறது. அத்தானை மனதில் வைத்துத்தான் பேசினேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்களோ?

நான் நிறைய யோசித்தேன் அக்கா. ஒருவேளை அந்தச் சதுரங்க விஷயம் அவர் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கலாம். எனக்கு அதில் இனி ஒன்றும் இல்லை. விரலை எடுத்துவிட்டேன் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார். அதை நான் சொன்னதாகச் சொல்லாதே. பேச்சுவாக்கில், சாடையாகச் சொல். அப்படியே, கருத்து எழுதினால் அதில் "நேர்மை" என்ற சொல் ஓரிடத்திலாவது வந்தால் நல்லது என்றும் சாடையாகச் சொல்.

இந்தப் பதவிக்காகத்தான் இவ்வளவு காலம் ஓடினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அந்த நாற்காலி வேண்டும் அக்கா.

உன் தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

முதலில் ராத்திரி சூடாகப் பால் குடித்துவிட்டுப் படு. தூக்கமில்லாமல் நீ எழுதுகிற எழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது.

உன்மேல் ஒரு கோபம். "சாடையாகச் சொல்" என்று எழுதுகிறாயே, அதைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதித் தொலைக்க வேண்டாமா? நான் பாட்டுக்கு டீயை வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். "அதை நான் சொன்னதாகச் சொல்லாதே" என்பதையும் சேர்த்து, நன்றாக ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "அந்தக் குதிரை விஷயத்தை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். டீ ஆறிப்போயிற்று. பிறகு என்னைக் கூப்பிட்டு, கடிதத்தின் மூலையில் சிவப்பு மையில் நான்கு என்று எண் போடச் சொன்னார். நீ எழுதியது மூன்று கடிதம்தானே என்றேன். "விளக்குக்கு ரெண்டாம் நம்பர். வரிசைப்படி சரியா இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, போட்டேன்.

ஆனால் நல்ல செய்தி கேள். மறுநாள் காலையில் உங்கள் ஆணையத்தின் விதிப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார். சாயந்திரம் மேசையில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையும் மீறித் தன் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார்! ஓய்வு பெற்றபின் அவர் பேனாவைத் தொட்டு நான் பார்க்கவே இல்லை. ஒரே நாளில் எழுதி முடித்து ஒட்டியும் விட்டார். ஒத்திவைப்பு இல்லை, வாய்தா இல்லை. உன் காரியம் முடிந்தது என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 17

என் அருமை அக்காவுக்கு,

நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் முட்டியோடு சேர்த்து. நேற்று ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். ரத்த அழுத்தம்கூட இறங்கிவிட்டது. அத்தானைப் பற்றி நான் ஏதாவது தவறாகப் பேசியிருந்தால் அதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தையல்காரரிடம் சும்மா ஒரு பேச்சுக்கு நீதிபதி அங்கியின் அளவைக் கொடுத்து வைத்திருக்கிறேன். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே வைக்கட்டுமா என்று கேட்டார். பதவிக்கு அது கம்பீரம்தான் என்றேன். பதவியேற்புக்கு நீங்கள் இருவரும் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

அந்தச் சின்னக் கோர்ட் அம்மாளுக்கு, நீதிபதிச் சொந்தம் இல்லாததால், அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும், கோர்ட் எழுத்தரும் கருத்துக் கொடுத்திருக்கிறார்களாம். கேட்டு எல்லோரும் சிரித்தோம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சிவப்பு மையில் எண் எதற்கு? பதில் போடு.

உன் தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடாமல் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதக் கை வரவில்லை.

நீ கேட்ட சிவப்பு எண்ணைப் பற்றி அன்றைக்கே அவரிடம் கேட்டேன். நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துக்கொள்.

"ஏங்க, அந்த நம்பர் எதுக்கு?"

"இணைப்பு நம்பர். ஆணையத்துக்கு அனுப்பியாச்சு."

"எதை அனுப்பினீங்க?"

"உன் தம்பி கடிதாசி எல்லாத்தையும். விளக்கையும்."

"ஐயோ! ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

"பதினோராவது விதி. கருத்துச் சொல்ற ஆளை விண்ணப்பதாரர் நேரடியாவோ சொந்தக்காரங்க மூலமாவோ அணுகினா, அணுகினதுக்கான ஆதாரத்தைக் கருத்தோட சேர்த்து அனுப்பணும். நீதானே படிச்சுக் காட்டின? ரொம்ப நல்ல விதி. எழுதினவன் கெட்டிக்காரன்."

எழுதினவன் யார் என்று உனக்கே தெரியும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். போனுக்குப் பயந்து கடிதம் எழுதினாய், கையெழுத்தோடு ஆதாரமும் கொடுத்தாய்.

நான் அவரோடு பெரிய சண்டை போட்டேன். பேப்பர் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் உலகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கருத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் வைத்திருந்த நகலைக் காட்டினார். இரண்டே வரி. "என் அனுபவத்தில் இவரைவிடச் சட்டம் தெரிந்த, உழைப்பாளியான வக்கீலை நான் கண்டதில்லை. இணைப்புகளையும் பார்க்கவும்."

அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதர் என்னைப் பற்றிக்கூட இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

உன் அங்கியை நினைத்தால் வயிறு எரிகிறது. என்னை மன்னித்துவிடு. அந்தக் கடிதங்களைப் படித்த குரல் என்னுடையதுதானே.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இருப்பதாக நீயும் நம்பிக்கொள்.

உத்தரவு வந்துவிட்டது. உனக்கும் தெரியட்டும் என்று ஒரு பகுதியை எழுதுகிறேன். "விண்ணப்பதாரரின் தகுதி குறித்து ஆணையத்துக்கு ஐயமில்லை. எனினும் பதினோராவது விதியின்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இவ்விதியை வகுத்தவரின் முன்யோசனையை ஆணையம் மனமாரப் பாராட்டுகிறது."

முதல் பத்து நாள் அத்தானை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். எல்லா வழக்கையும் ஊறப்போடுகிற மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சுறுசுறுப்பானார், அதுவும் என் தலையில். கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுத்த பழைய நாளாக இருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்குக் கிடைத்திருக்கும் என்று இவளிடம் கத்தினேன். "அதைத்தானே கூடாதுன்னு தொண்டை வத்தக் கத்தினீங்க?" என்றாள்.

நேற்றுப் பதவியேற்பு. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை, போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தச் சின்னக் கோர்ட் அம்மாள் உறுதிமொழி எடுத்தார். அவருக்கு வீடு கொடுத்தவரும் எழுத்தரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உங்களுக்காக நினைத்து வைத்திருந்த இடம் அது. பழைய முறையில் அந்த அம்மாளின் பெயரை அந்த அறைக்குள் ஒருவர்கூட உச்சரித்திருக்க மாட்டார்கள். வயிற்றெரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அக்கா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து நின்று கை தட்டினேன்.

விதி வேலை செய்கிறது. என்மேல் முதலில் செய்திருக்க வேண்டாம்.

அங்கியைத் தைக்க வேண்டாம் என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டேன். அத்தானை நான் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை, இனி அவரால் எதையும் ஆணையத்துக்கு அனுப்ப முடியாது.

தம்பி


ஜூன் 21

மைத்துனருக்கு,

இங்கு நலம். கண் தெளிவாகிவிட்டது. டாக்டர் எழுத அனுமதித்துவிட்டார்.

ஆணையம் விளக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. கயிறுகூட அப்படியே இருக்கிறது. இப்போது நீ விண்ணப்பதாரர் இல்லை, ஆகவே இது வெறும் விளக்கு. இந்தக் கடிதத்தை அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். மிகவும் இதமாக இருக்கிறது. நன்றி.

கருத்தில் நான் எழுதிய முதல் வரி உண்மை. இரண்டாவது வரியை எழுதி முடிப்பதற்குள் நான்கு தாள் வீணாயிற்று. அதற்குக் கண் காரணமில்லை.

நிலுவையில் உள்ள சதுரங்க வழக்கு பற்றி. நீ மார்ச் மாதத்தில் கொடுத்த ஒப்புதலை ஏற்க முடியாது. ஆதாயத்தை எதிர்பார்த்துக் கொடுத்தது செல்லாது. மேலும், அந்த வழக்கில் நானே ஒரு கட்சிக்காரன். அதை நான் விசாரிக்க எடுத்துக்கொண்டதே தவறு. இத்தனை காலம் ஒத்திவைத்ததற்கும் காரணம் அதுதான். ஆகவே விலகிக்கொள்கிறேன். வழக்கை உன் அக்காவிடம் மாற்றியிருக்கிறேன். அவள் தீர்ப்பு இதே தாளில் கீழே.

அத்தான்

தம்பி, தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். திரைச்சீலை மாதிரி இழுக்க எனக்குத் தெரியாது. அதுவும் நேற்று வந்துவிட்டது, பச்சை நிறம், நானே வாங்கிவிட்டேன்.

உன் விரல் குதிரையின் தலையில்தான் இருந்தது. எடுக்கவே இல்லை. நான் அதே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் இழுத்தது சரி, ஆட்டமும் முடியவில்லை. உண்மையைச் சொன்ன நீ, ஒரு நாற்காலிக்காக, பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டாய். நீ எழுதியதிலேயே எனக்குத் தாங்க முடியாமல் போன வரி அதுதான்.

பலகையை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காதே. பார்த்த சாட்சி ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சட்டம் படித்த உங்கள் இருவருக்கும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
அக்கா